வேலை கிடைத்ததும் கட்டலாம் என்றார்கள், இரண்டாம் மாதமே இஎம்ஐ போகிறது

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் குடியாத்தம். மெக்கானிக்கல் முடித்துவிட்டு பெங்களூரு பிடிஎம் லேஅவுட்டில் பிஜியில் தங்கி, மாரத்தஹள்ளியில் ஒரு கோடிங் பூட்கேம்ப்பில் (சில மாதத்தில் மென்பொருள் எழுதக் கற்றுத்தரும் தனியார் பயிற்சி மையம்) படிக்கிறேன். ஏழரைக்கு சில்க் போர்டில் 500டி பஸ் ஏறினால்தான் ஒன்பது மணி வகுப்புக்குப் போக முடியும். பயிற்சியாளர் பதினொன்றுக்கு வருவார், இல்லையென்றால் பழைய வீடியோவைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். மதியத்துக்கு மேல் சந்தேகம் கேட்டால் சாட்ஜிபிடியிடம் கேட்கச் சொல்கிறார்கள். இரவு பன்னிரண்டு வரை அசைன்மெண்ட், அதைத் திருத்த ஆளில்லை. இரண்டு மாதத்தில் மூன்று பயிற்சியாளர்கள் மாறிவிட்டார்கள். கட்டணம் 1,80,000 ரூபாய். வேலை கிடைத்த பிறகு கட்டினால் போதும் என்று சொல்லி, அப்பாவின் போனுக்கு வந்த ஓடிபியைக் கேட்டு வாங்கினார்கள். இப்போது அப்பாவின் கணக்கிலிருந்து மாதம் 7,500 கழிகிறது. நான் நின்றுவிட்டால் இஎம்ஐயையும் நிறுத்திவிடலாமா?

பதில்: அப்பாவின் கணக்கைக் காலியாக வைத்துவிடலாமா என்றுதான் கேட்கிறீர்கள், தம்பி. வேண்டாம்.

உங்கள் அப்பாவுக்கு இப்போது இரண்டு பேரிடம் கணக்கு இருக்கிறது. பூட்கேம்ப் பாடம் நடத்த வேண்டியவர். கடன் கொடுத்தது ஒரு வங்கியல்லாத நிதி நிறுவனம். அது பணத்தை பூட்கேம்ப்பிடம் கொடுத்துவிட்டு, உங்கள் அப்பாவிடம் 24 மாதம் வசூலிக்கிறது. பாடம் நடக்காதது கடன் நிறுவனத்துக்குத் தலைவலி இல்லை. ஆட்டோ டெபிட் பணமில்லாமல் திரும்பினால் வங்கி ஒரு அபராதம், கடன் நிறுவனம் ஒரு அபராதம். சிபில் என்கிற கடன் மதிப்பெண் கெடும். போதாததற்கு, 2007-ஆம் ஆண்டு பேமெண்ட் அண்ட் செட்டில்மெண்ட் சிஸ்டம்ஸ் சட்டத்தின் 25-ஆவது பிரிவில், செக் திரும்பினால் போடுவது போலவே அப்பா மேல் வழக்குப் போட இடமிருக்கிறது. ஆகவே சண்டை முடியும்வரை 7,500 போகட்டும். வயிறு எரியும், தெரியும்.

சரி, சண்டை எப்படி? உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி உங்களுடைய ஒரு நாளின் கதை. புலம்பலாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அது சாட்சியப் பட்டியலாகத் தெரிகிறது. இன்றிலிருந்து ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள்: வகுப்பு எத்தனை மணிக்கு என்றார்கள், எப்போது தொடங்கியது, யார் நடத்தினார், என்ன நடத்தினார். அசைன்மெண்ட் அனுப்பிய தேதி, நிரல்களைச் சேமித்து வைக்கும் உங்கள் கிட்ஹப் கணக்கில் தானாகவே பதிவாகியிருக்கும், அதை அழித்துவிடாதீர்கள். வாட்ஸ்அப் குழுவின் உரையாடலை இன்றைக்கே எக்ஸ்போர்ட் செய்து உங்கள் மெயிலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். புகார் போன மறுநாள் குழுவிலிருந்து தூக்கிவிடுவார்கள், நான் பார்த்திருக்கிறேன். 'வேலை கிடைத்த பிறகு' என்று ஆசை காட்டிய விளம்பரம், சேல்ஸ் ஆள் அனுப்பிய மெசேஜ், பாடத்திட்ட பிடிஎஃப் எல்லாம் வேண்டும். 500டி டிக்கெட் வேண்டாம்.

அப்புறம் கடன் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்: கடன் ஒப்பந்தம் எங்கே, வட்டி, கட்டணம் எல்லாம் சுருக்கமாகச் சொல்லும் முக்கிய விவர அறிக்கை எங்கே? 2024 அக்டோபர் 1 முதல் கொடுக்கும் இத்தகைய கடன்களுக்கு அந்த அறிக்கை, கடன் வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. உங்கள் அப்பாவுக்குத் தமிழில் வந்ததா? ஓடிபி மட்டும்தான் வந்தது என்றால் அதையே புகாரில் முதல் வரியாக எழுதுங்கள். கடன் பிடிக்காவிட்டால் அபராதமின்றித் திருப்பிக்கொடுக்கும் அவகாசமும் உண்டு. அது ஒருசில நாள்தான், உங்களுக்கு முடிந்துவிட்டது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், பெரும்பாலானோர் இதைத் தவறவிடுகிறார்கள். சில கடன்களில் மொத்தப் பணமும் ஒரே நாளில் பூட்கேம்ப்புக்குப் போவதில்லை, தவணை தவணையாகப் போகும். 1,80,000-இல் இதுவரை எவ்வளவு போனது, எந்தத் தேதியில் போனது என்று கடன் நிறுவனத்திடம் கேளுங்கள், பூட்கேம்ப்பிடம் கேட்காதீர்கள். 60,000தான் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 1,20,000-ஐக் கொடுக்க வேண்டாம், மாணவர் படிப்பை நிறுத்துகிறார், சேவையில் குறை இருக்கிறது என்று அன்றே மெயில் போடுங்கள். அதற்குப் பிறகும் கொடுத்தால், தெரிந்தே கொடுத்தார்கள் என்று நீங்கள் வாதாடலாம். ஒரு வாரம் கழித்துப் போட்ட மெயிலுக்கு அந்த மதிப்பு இல்லை. மொத்தமும் போய்விட்டதென்றால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள்.

கடன் நிறுவனம் 30 நாளில் பதில் தராவிட்டால், அல்லது மழுப்பினால், ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் தரலாம். உதவி எண் 14448. பூட்கேம்ப் மேல் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார்தாரர் வசிக்கிற ஊரிலேயே போடலாம், எனவே அப்பாவும் மனுதாரர் என்றால் வேலூரே போதும். ஒப்பந்தத்தில் குருகிராமில் ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்குப் பதில் தனி நடுவரிடம் தீர்ப்பது) என்று இருக்கும், அதைக் காட்டி மிரட்டுவார்கள். அது நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழியை அடைக்காது.

பூட்கேம்ப்பைக் கேட்டால் கடன் நிறுவனத்தைக் கை காட்டும், கடன் நிறுவனம் பூட்கேம்ப்பைக் காட்டும். கடன் நிறுவனத்தைத் தட்டிக்கேட்கவாவது ரிசர்வ் வங்கி இருக்கிறது. பட்டம் தராத பூட்கேம்ப்பைக் கேட்க, கல்லூரிகளைக் கண்காணிக்கும் யுஜிசியும் இல்லை, ஏஐசிடிஇயும் இல்லை. ஒரு டீக்கடைக்குக்கூட உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும், இதற்கு வாசலில் ஒரு பெயர்ப் பலகை இருந்தால் போதும். இதைப் பத்து வருடமாகச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

இனி நீங்கள் விலகுவது தெரிந்ததும் உங்கள் போனுக்கு வரப்போகிற ஆட்களைப் பற்றி. முதல் ஆள், 'ஒன்றரை லட்சம் கொடு, பேக்டோர் வேலை, இரண்டு வருட அனுபவச் சான்றிதழும் தருகிறோம்' என்பார். அந்த இரண்டு வருடத்துக்கு பிஎஃப் எங்கே என்று புதுக் கம்பெனி உங்கள் பிஎஃப் கணக்கு எண்ணான யுஏஎன்-ஐப் பார்த்தாலே குட்டு உடைந்துவிடும். வேலையும் போகும், கொடுத்த பணமும் வராது. என்னிடம் வந்தவர்களில் பூட்கேம்ப்பில் ஏமாந்தவர்களைவிட இதில் ஏமாந்தவர்கள்தான் அதிகம். இரண்டாவது ஆள், கடனைப் பாதியில் செட்டில் செய்து தருவதாகக் கமிஷன் கேட்பார். சிபிலில் 'செட்டில்டு' என்று விழுந்தால் அப்பாவுக்கு நாளை வீட்டுக் கடன் கிடைப்பது கஷ்டம். மூன்றாவது ஆள் பூட்கேம்ப்பிலேயே இருப்பார்: 'லோனை கேன்சல் செய்துவிட்டோம்' என்று வாயால் சொல்வார். கடன் நிறுவனத்தின் நோ டியூஸ் (பாக்கி இல்லை) கடிதம் கைக்கு வரும்வரை அது கேன்சல் ஆகவில்லை. ஒரிஜினல் மார்க்‌ஷீட்டை அவர்களிடம் கொடுத்திருந்தால், புகார் அனுப்புவதற்கு முன்னால் போய் வாங்கிவிடுங்கள். பாங்கில் காட்ட வேண்டும் என்று ஏதாவது காரணம் சொல்லிக்கொள்ளுங்கள்.

அடுத்த இஎம்ஐக்குள் கடன் நிறுவனத்துக்கு மெயில் போகட்டும், அப்பாவின் பெயரில், அப்பாவின் மெயிலிலிருந்தே. அவருக்கு மெயில் ஐடி இல்லையென்றால் இன்று இரவு போன் செய்து ஒன்று தொடங்கிக் கொடுங்கள். ஓடிபியை இந்தத் தடவை உங்களிடம் மட்டும் சொல்லட்டும்.