காம்பல் துரையும் முறைப்பாட்டுப் புத்தகமும்

அன்பின் அண்ணா,

இலங்கையின் முதல் பொலிஸ் மா அதிபர் காம்பல் படையிலிருந்து வந்தவர் என்று எழுதியிருந்தீர்கள். அதை ஒரு குறையாகச் சொன்ன மாதிரி இருந்தது. ஒழுங்கு தெரிந்த ஆமிக்காரர் பொலிஸை நடத்தினால் நல்லதுதானே?

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

காம்பலின் திறமையை நான் மறுக்கவில்லை. பம்பாய் மாகாணத்தில் ரத்னகிரி படைப்பிரிவில் இருந்து, பிறகு அங்கேயே பொலிஸுக்கு மாறியவர். 1866 செப்டம்பர் 3ஆம் திகதி இங்கே பொறுப்பெடுத்தார். பொலிஸ் தினம் இன்றைக்கும் அந்த நாளில்தான். அதற்கு இரண்டு வருடம் முன்னர்தான் மாவனெல்லையில் கொள்ளைக்காரன் சரதியேலைப் பிடிக்கப் போன கொன்ஸ்தாபிள் சபான் சூடுபட்டு இறந்திருந்தார். அந்த நேரத்தில் கண்டிப்பான ஒருவர் தேவைப்பட்டது உண்மைதான். இடையில் கொஞ்சக்காலம் பினாங்கு போய் வந்ததைத் தவிர, 1891 வரை அவர்தான் தலைவர்.

ஆனால் அந்த ஒழுங்கு யாருக்காக? நாட்டை முடிக்குரிய நிலமாகப் பிடித்து வைத்திருக்க. படையாள் மேலிடத்தின் கட்டளையைக் கேட்டுப் பழகியவர். முன்னால் நிற்கிற சனத்தின் கதையைக் கேட்பது வேறு பழக்கம். 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது, தம்பி.

போர் முடிந்த பிறகும் பொலிஸும் ஆமியும் பாதுகாப்பு அமைச்சின் கீழேயே இருந்தன. பிரிக்க வேண்டும் என்று 2011இல் நல்லிணக்க ஆணைக்குழு சொன்னது. 2013இல் சட்டம் ஒழுங்குக்குத் தனி அமைச்சு வந்தது. அதற்குச் செயலாளராகப் போட்டதும் ஓய்வுபெற்ற ஒரு மேஜர் ஜெனரலைத்தான். வன்னியில் எங்களுக்கு இது சின்ன விஷயமில்லை. காணிக்குள் காவலரண் போட்டவர் யார், களவைப் பிடிக்க வருகிறவர் யார் என்று சனம் பிரித்துப் பார்க்க முடிய வேண்டும்.

என் அனுபவம் ஒன்று சொல்கிறேன். வயலில் இருந்த தண்ணீர்ப் பம்பைக் களவெடுத்துவிட்டார்கள். பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த சார்ஜன்ட் நல்ல மனிதர், கதிரை தந்தார், தெரிந்த தமிழில் விசாரித்தார். பெரிய புத்தகத்தில் சிங்களத்தில் எழுதி, பேனையை என் பக்கம் நீட்டினார். நானும் கையெழுத்து வைத்தேன். மாதங்கள் கழித்துப் பிரதி எடுத்து, சிங்களம் தெரிந்த ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்தபோதுதான் தெரிந்தது: ‘களவு’ என்று நான் சொன்னது ‘காணாமற்போனது’ என்று எழுதப்பட்டிருந்தது. காணாமற்போன பம்புக்குக் கள்ளனை யார் தேடுவது?

அவரில் எனக்குக் கோபமில்லை. தமிழ் தெரிந்த ஒருவரை அந்த மேசையில் இருத்தாமல் விட்டவர்களில்தான் கோபம். வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பிலேயே இருக்கிறது. நீங்கள் எப்போதாவது முறைப்பாடு கொடுக்கப் போனால் தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். வாசித்துக் காட்டும்வரை பேனையைத் தொடாதீர்கள்.

அன்புடன்,
அண்ணா