ஜி புரதத்தில் பாஸ்பேட் சேர்கிறதா, மாறுகிறதா?

பினாங்கில் படிவம் ஆறு படிக்கும் தம்பி கேட்டது இது: வெளியிலிருந்து வரும் சேதியைப் பிடிக்கும் செல்லின் ஏற்பி தூண்டப்பட்டதும், அதை உள்ளே கடத்தும் ஜி புரதத்தில் இருக்கும் குவனோசின் டைபாஸ்பேட்டோடு (இரண்டு பாஸ்பேட் உள்ள மூலக்கூறு) இன்னொரு பாஸ்பேட் ஒட்டி ட்ரைபாஸ்பேட் (மூன்று பாஸ்பேட் உள்ளது) ஆகிறதா?

இல்லை தம்பி. பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஜி புரதத்துக்கு ஆல்பா, பீட்டா, காமா என்று மூன்று துணையலகுகள். சும்மா இருக்கும்போது ஆல்பா ஒரு டைபாஸ்பேட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஏற்பியின் வடிவம் மாறியதும் அந்தப் பிடி தளர்ந்து, அது கழன்றுவிடும். செல்லுக்குள் ட்ரைபாஸ்பேட்தான் பல மடங்கு அதிகம். அதனால் காலியான இடத்தில் அதுவே வந்து உட்காருகிறது. ஆல்பாவும் பிரிந்து போய் அடுத்த நொதியைத் தூண்டும்.

புகைமூட்டக் காலத்தில் கோலாலம்பூர் ஆஸ்துமாக்காரர்கள் பையில் வைத்திருக்கும் இன்ஹேலரை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள சால்பியூட்டமால் மூச்சுக்குழாய்த் தசையின் பீட்டா-2 ஏற்பியில் ஒட்டுகிறது. ஆல்பா, அடினைலைல் சைக்ளேஸ் நொதியைத் தூண்டுகிறது. அந்த நொதி உண்டாக்கும் சைக்ளிக் ஏஎம்பி என்ற சேதி மூலக்கூறு பெருகி, மற்ற புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டும் நொதியான புரதக் கைனேஸ் ஏ வேலையில் இறங்கும். தசை தளர்ந்து, சில நிமிடங்களில் மூச்சு சீராகும்.

சரி, இந்தத் தூண்டலை அணைப்பது யார்? ஆல்பாவேதான். தன்னிடமுள்ள ட்ரைபாஸ்பேட்டைத் தானே வெட்டி டைபாஸ்பேட் ஆக்கிக்கொண்டு, மறுபடி பீட்டா-காமாவோடு சேர்ந்துவிடும். (விடைத்தாளில் எழுத மறக்கும் இடம் இது.) காலரா நச்சு இந்த வெட்டும் திறனைத்தான் கெடுக்கிறது. குடல் செல்லில் சைக்ளிக் ஏஎம்பி இறங்கவே இறங்காது. குளோரைடு வெளியேற, தண்ணீரும் பின்னாலேயே போகிறது. கடுமையான பேதி அப்படித்தான் வருகிறது.

அப்புறம், பீட்டா-காமாவைச் சும்மா நிற்பதாக எண்ண வேண்டாம். இதயத்தில் பொட்டாசியம் வழியைத் திறந்து துடிப்பைக் குறைப்பது அந்த ஜோடிதான்.