யோசனை சொல்லத் தயங்கும் ஊழியர்கள்

கேள்வி: சிங்கப்பூரின் துவாஸ் பகுதியில் உள்ள தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். என் குழுவினர் விசுவாசமாக உழைக்கிறார்கள். ஆனால் புதிய யோசனை எதையும் சொல்வதில்லையே, ஏன்?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: விசுவாசம் மட்டுமே புதுமையைக் கொண்டுவந்துவிடாது. ஒர்க் பெர்மிட்டில் (வேலை அனுமதியில்) இருக்கும் வெளிநாட்டு ஊழியருக்கு இந்நாட்டில் தங்கும் அனுமதியே வேலையோடு பிணைந்திருப்பதால், உதிரிபாகத் தட்டை இயந்திரத்துக்கு அருகே நகர்த்தினால் நேரம் மிச்சமாகும் என்று தெரிந்திருந்தும், அதைச் சொல்லி மேலாளரின் முகச்சுளிப்புக்கு ஆளாக அவர் துணியமாட்டார். அந்த மௌனத்தை விசுவாசக் குறைவாக எண்ணிவிடாதீர்கள்.

அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன், ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து 1999இல் வெளியிட்ட கட்டுரையில், தவற்றையும் ஐயத்தையும் அச்சமின்றிப் பேச முடிந்த குழுக்களே அதிகம் கற்றுக்கொண்டன என்று காட்டினார். சிங்கப்பூர் அரசாங்கச் சேவையும் 1981இலேயே வேலை மேம்பாட்டுக் குழுக்களைத் தொடங்கி, வேலையைச் செய்பவர்களையே அதைத் திருத்தும் வழியைத் தேட அழைத்தது.

ஷிப்ட் மாறும் வேளையில், “இன்று உங்கள் வேலையைத் தாமதப்படுத்தியது எது?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பாருங்கள், பொதுக்கூட்டத்தில் வாய் திறக்காதவரும் தனியே கேட்டால் பேசுவார். யோசனையை ஏற்க இயலாவிட்டால், அதற்கான காரணத்தை அந்த வாரத்திலேயே அவரிடம் நேரில் சொல்லுங்கள். ஏற்றால், அவர் பெயரிலேயே மேலிடத்துக்கு எழுதி அனுப்புங்கள்.