மகனைத் தவிர எல்லாம்

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். உங்கள் கட்டுரைகளைச் சில ஆண்டுகளாக வாசித்துவருகிறேன். எழுதுவது இதுவே முதல் முறை.

கடந்த மாதம் எங்கள் சபையில் மூன்று நாள் கூட்டம் நடந்தது. கடைசி நாள் செய்தி கொடுத்தவர், "முழுவதும் ஒப்புக்கொடுக்காதவர் தேவனுடைய பிள்ளை அல்ல, அவருடைய வீட்டில் வேலைக்காரர் மட்டுமே" என்றார். நானும் முன்னால் போய் முழங்காலில் நின்றேன். இப்படி நிற்பது இது மூன்றாவது முறை. வேலை, பணம், உடல்நலம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி ஒப்புக்கொடுத்தேன். என் மகனிடம் வந்ததும் வாய் அடைத்துக்கொண்டது. அவனுக்கு ஒன்பது வயது. "இவனையும் தருகிறேன்" என்று சொன்னால் எடுத்துக்கொண்டுவிடுவாரோ என்று பயம். முந்தைய இரண்டு முறையும் இதே இடத்தில்தான் நின்றுபோனேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "அப்பா பிதாவே" என்று மற்றவர்கள் உருகி அழும்போது எனக்குள் எதுவும் அசைவதில்லை. சிறுவயதில் என் அப்பாவின் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டால் நாங்கள் ஒளிந்துகொள்வோம். எனக்கு அது பயத்தின் சொல். போதாக்குறைக்கு, தேவன் நம்மை ஏற்றுக்கொள்வதை வேதம் "புத்திர சுவிகாரம்", அதாவது மகனாகத் தத்தெடுப்பது, என்கிறது. நான் பெண். அதில் எனக்கு இடம் உண்டா?

நான் பிள்ளையா, வேலைக்காரியா?

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

பிள்ளைதான். காரணங்களைப் பிறகு சொல்கிறேன்; கடிதத்தை வாசித்து முடித்ததும் முதலில் இதைத்தான் சொல்லத் தோன்றியது.

அந்தச் செய்தியை நான் கேட்கவில்லை. நீங்கள் எழுதியபடியே அவர் சொல்லியிருந்தால், முன்னும் பின்னுமாக வர வேண்டியவற்றை மாற்றி வைத்துவிட்டார். பவுல் எழுதிய ரோமர் நிருபத்தைத் திறந்து பாருங்கள். "சரீரங்களை ஜீவபலியாக ஒப்புக்கொடுங்கள்" என்ற வேண்டுகோள் 12ஆம் அதிகாரத்தில் வருகிறது. புத்திர சுவிகாரத்தின் ஆவியைப் "பெற்றீர்கள்" என்பது 8ஆம் அதிகாரத்திலேயே சொல்லி முடிந்துவிட்டது. 12ஆம் அதிகாரத்தின் முதல் சொல் நம் தமிழ் வேதாகமத்தில் "அப்படியிருக்க". இத்தனையும் ஏற்கெனவே நடந்துவிட்டது, அப்படியிருக்க, ஒப்புக்கொடுங்கள் என்கிறார் பவுல். அதையும் அவர் கட்டளையாகச் சொல்லவில்லை. "தேவனுடைய இரக்கங்களை முன்னிட்டு உங்களை வேண்டிக்கொள்ளுகிறேன்" என்கிறார். ஒப்புக்கொடுத்தலைப் பிள்ளையாவதற்கான நுழைவுக் கட்டணமாக அவர் எங்குமே வைக்கவில்லை.

இயேசுவுக்கே இந்த வரிசைதான். மாற்குவின் சுவிசேஷத்தில் அவர் ஒரு அற்புதம்கூடச் செய்வதற்கு முன், ஒரு பிரசங்கம்கூடச் செய்வதற்கு முன், யோர்தான் கரையில் "நீர் என்னுடைய நேசகுமாரன்" என்ற குரல் கேட்கிறது. சிலுவைக்கு முந்தின இரவில் அவர் தம்மை ஒப்புக்கொடுத்து ஜெபித்த கெத்செமனே பல அதிகாரங்கள் தள்ளி வருகிறது. எபிரெயர் நிருபமும் "அவர் குமாரனாயிருந்தும் பட்டபாடுகளினாலே கீழ்ப்படிதலைக் கற்றுக்கொண்டு" என்கிறது. கற்றுக்கொண்டு என்ற சொல்லில் நான் பல முறை நின்றிருக்கிறேன். குமாரனே கற்றுக்கொண்டார் என்றால், மூன்று கூட்டங்களில் உங்களால் முடியவில்லை என்பதற்காக யார் உங்களை வீட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியும்?

"புத்திர" என்ற சொல்லுக்கு வருகிறேன். பவுலின் நிருபங்களில் இதற்கான கிரேக்கச் சொல் ஐந்து இடங்களில் வருகிறது. அது ரோம உலகில் எல்லாரும் அறிந்த சட்ட வழக்கம். இன்று தத்து என்றதும் ஆதரவற்ற குழந்தை நம் நினைவுக்கு வருகிறது. அன்று வளர்ந்த ஆண்களையே அதிகமாகச் சுவிகாரம் எடுத்தார்கள், குடும்பத்தின் பெயருக்கும் சொத்துக்கும் வாரிசு வேண்டும் என்பதற்காக. லூக்கா தன் சுவிசேஷத்தில் பெயர் சொல்லும் இரண்டு ரோமப் பேரரசர்களும் சுவிகார புத்திரர்களே. அகுஸ்து, யூலியு சீசரின் உயிலின் வழியாக கி.மு. 44இல் அவருக்கு மகனானவர். அந்த அகுஸ்து கி.பி. 4இல் திபேரியுவைச் சுவிகாரம் எடுத்தபோது திபேரியுவுக்கு வயது 44. சுவிகாரம் எடுக்கப்பட்டவன் பழைய வீட்டின் அதிகாரத்திலிருந்து வெளியே வந்து, புதிய தகப்பனின் பெயரையும் உரிமையையும் முழுமையாகப் பெற்றான். அதில் பாதி மகன், தற்காலிக மகன் என்று எதுவும் கிடையாது.

இப்போது கலாத்தியர் நிருபத்துக்குப் போங்கள். "நீங்களெல்லாரும் தேவனுடைய புத்திரராயிருக்கிறீர்களே" என்று எழுதிய கை, இரண்டே வசனம் தள்ளி "ஆணென்றும் பெண்ணென்றுமில்லை" என்று எழுதுகிறது. ஆண் வாரிசுக்கென்று உலகம் வைத்திருந்த இடத்தில் பெண்களையும் அடிமைகளையும் பவுல் உட்காரவைக்கிறார். உங்களுக்கு அந்நியமாகப்பட்ட அதே சொல்தான் உங்கள் உரிமைப் பத்திரம். அதுவும் போதாது என்பதுபோல, தாவீதின் மகனைக் குறித்து "அவன் எனக்குக் குமாரனாயிருப்பான்" என்று சொல்லப்பட்ட வாக்கை 2 கொரிந்தியர் 6ஆம் அதிகாரத்தில் பன்மையாக்கி, "குமாரரும் குமாரத்திகளுமாயிருப்பீர்கள்" என்று எழுதுகிறார்.

அப்பா என்ற சொல்லைப் பற்றி எழுத எனக்குத் தயக்கம். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டு ஒளிந்த பிள்ளையிடம், இந்தச் சொல்லைக் கேட்டு உருக வேண்டும் என்று கேட்பது கொடுமை. உருகாததை விசுவாசக் குறைவாக எண்ணாதீர்கள். "அப்பா" என்று நாம் வாசிப்பது மொழிபெயர்ப்பு அல்ல. இயேசு பேசிய அரமேயச் சொல்லைக் கிரேக்க மூலம் அப்படியே வைத்திருக்கிறது. தற்செயலாகத் தமிழில் அது நம் வீட்டுச் சொல்லாகவே ஒலிக்கிறது. பலருக்கு அது இன்பம்; உங்களுக்கு அதுவே சுமையாகிவிட்டது. ஆகவே உங்கள் அப்பாவிலிருந்து தொடங்கி மேலே பார்க்க வேண்டாம். "என்னைக் கண்டவன் பிதாவைக் கண்டான்" என்ற இயேசுவிடமிருந்து தொடங்குங்கள். பிள்ளைகளைத் தம்மிடம் வரவிடாமல் தடுத்த சீஷர்கள்மேல் விசனமடைந்தவர் அவர். அதுவும் இப்போது கடினமாக இருந்தால், ஒன்பது வயது மகனுக்குத் தாயாக இருக்கும் உங்களிடமிருந்தே தொடங்குங்கள். ஏசாயா அப்படித்தான் தொடங்குகிறார்: ஒரு பெண் தன் பாலகனை மறப்பாளோ? அவர்கள் மறந்தாலும் நான் உன்னை மறப்பதில்லை. மகனின் பெயரைச் சொல்ல முடியாமல் முழங்காலில் நின்றீர்களே, அந்த இறுக்கமான பிடி எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? உங்களை அவர் பிடித்திருப்பது அதைவிடத் தளர்வாக இருக்கும் என்று நம்ப என்னால் முடியவில்லை.

இனி உங்கள் பயம். அதற்கு என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் தம்பி நோயில் கிடந்தபோது நான் "முழுவதும்" ஒப்புக்கொடுத்தேன். மருத்துவமனை வராந்தாவில் நின்று, "இவனை உம்முடைய கையில் தருகிறேன், உம்முடைய சித்தம் ஆகட்டும்" என்று ஜெபித்தேன். ஆபிரகாம் ஈசாக்கைக் கொடுத்த கதை மனதில் ஓடிக்கொண்டிருந்தது. கொடுத்தவனுக்கு மகன் திரும்பக் கிடைத்தானே! நானும் கொடுத்தால் எனக்கும் திரும்பக் கிடைக்கும் என்று உள்ளே ஒரு கணக்கு. ஜெபித்தபோது அது கணக்கு என்று எனக்குத் தெரியவில்லை. பதினோராம் நாள் தம்பி இறந்துபோனான்.

எனக்குத் துக்கத்துக்கு முன்னால் கோபம் வந்தது. என் பங்கை நான் செய்துவிட்டேன், உம்முடைய பங்கு எங்கே என்ற கோபம். மாதக்கணக்கில் ஜெபிக்கவில்லை. பிறகு ஒருநாள் லூக்கா 15இல் இயேசு சொன்ன கெட்ட குமாரன் உவமையை வாசிக்கும்போது மூத்த மகனின் பேச்சில் என் குரல் கேட்டது. "இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து" என்று தொடங்குகிறான். தகப்பன் வீட்டை விட்டு ஒருநாளும் போகாதவன், கூலி நிலுவையில் நிற்கும் வேலைக்காரனைப் போலப் பேசுகிறான். வீட்டை விட்டுப் போய்ச் சொத்தை அழித்த இளையவனும் திரும்பி வரும் வழியில் "உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்" என்று ஒரு வாக்கியத்தைத் தயாரித்து வருகிறான். தகப்பன் கழுத்தைக் கட்டிக்கொண்ட பிறகு அந்த வாக்கியம் அவன் வாயிலிருந்து வரவே இல்லை; 19ஆம் வசனத்தையும் 21ஆம் வசனத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு பிள்ளைகளும் தங்களை வேலைக்காரர் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள். தகப்பன் மட்டும் அந்தக் கணக்கைத் தொடுவதே இல்லை. மூத்தவனுக்கும் "மகனே" என்றுதான் பதில். வராந்தாவில் நான் செய்தது ஒப்புக்கொடுத்தல் அல்ல, பேரம் என்று அன்று விளங்கியது. பேரம் பேசியவனையும் அவர் மகன் என்றே அழைத்தார் என்பது விளங்க இன்னும் நாளானது.

ஆகவே, ஒப்புக்கொடுத்தால் உங்கள் மகனுக்கு எதுவும் நேராது என்று நான் எழுதித்தர மாட்டேன். அப்படி எழுதித்தருபவர்களை நம்பவும் வேண்டாம். ஆனால் இதைச் சொல்ல முடியும்: நீங்கள் பெயரைச் சொல்வதற்காகக் காத்திருந்து, சொன்னதும் எடுத்துக்கொள்பவர் அல்ல அவர். நீங்கள் சொல்லாமல் இருப்பது உங்கள் மகனுக்குக் காவலும் அல்ல. ஒன்பது ஆண்டுகளாக அவன் மூச்சுவிடுவது யாருடைய கையில் என்பது உங்களுக்கே தெரியும். ஒப்புக்கொடுக்கும்போது அவனை ஆபத்தான கைக்கு மாற்றுவதில்லை. அவன் ஏற்கெனவே இருக்கும் கையை ஒப்புக்கொள்கிறீர்கள்.

ஒரு சொல்லைக் காட்டிவிட்டு முடிக்க நினைத்தேன், காட்டலாமா என்று யோசித்தேன். "ஒப்புக்கொடுக்க" என்று ரோமர் 12இல் நம்மிடம் கேட்கப்படும் சொல், 8:32இல் தேவனைக் குறித்து வருகிறது: "தம்முடைய சொந்தக்குமாரனென்றும் பாராமல் நம்மெல்லாருக்காகவும் அவரை ஒப்புக்கொடுத்தவர்". கிரேக்கத்தில் இவை இரண்டு வேறு சொற்கள். தமிழில் ஒன்றாக அமைந்துவிட்டன. உங்களை வெட்கப்படுத்த இதைச் சொல்லவில்லை. மகன் என்ற இடத்தில் ஒரு தாய்க்கு வாய் அடைத்துக்கொள்வது ஏன் என்று தெரிந்த, அந்த இடத்தை அறிந்த ஒருவரிடம்தான் நீங்கள் ஜெபிக்கிறீர்கள் என்று சொல்லவே எழுதுகிறேன்.

கெத்செமனேயில் நடந்ததையும் கவனியுங்கள். "அப்பா பிதாவே" என்ற அழைப்பு சுவிசேஷங்களில் இயேசுவின் வாயில் அந்த ஒரே இடத்தில்தான் வருகிறது, மாற்கு 14இல். அழைத்தவுடன் அவர் ஒப்புக்கொடுக்கவில்லை. "இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்" என்று முதலில் கேட்கிறார். வேண்டாம் என்று சொல்லும் உரிமை பிள்ளைக்கு உண்டு. அதற்குப் பிறகே "உம்முடைய சித்தத்தின்படியே" வருகிறது. மத்தேயுவின்படி அவரும் மூன்று முறை போய் ஜெபித்தார், மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லி. நீங்கள் மூன்று முறை என்று எழுதியதை வாசித்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

அடுத்த கூட்டத்தில் முன்னால் போக வேண்டியதில்லை. இன்று இரவு மகன் தூங்கிய பிறகு, "இவனைத் தர எனக்குப் பயமாக இருக்கிறது" என்று மட்டும் அவரிடம் சொல்லுங்கள். அப்பா என்று அழைக்க வராவிட்டால் ஆண்டவரே என்று அழையுங்கள். வேலைக்காரர் முதலாளியிடம் இப்படிப் பேசுவதில்லை. இதற்குமேல் எதையும் முயல வேண்டாம், சில வாரங்களுக்காவது.

மகனின் வயதை எழுதியிருக்கிறீர்கள், பெயரை எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். இங்கே வெளியிட மாட்டேன். பெயர் சொல்லி ஜெபிக்க விரும்புகிறேன்.

அன்புடன்.