பள்ளி மாவட்டத்தின் செலவு கூடியும் ஆசிரியர் சம்பளம் ஏன் அதே அளவு கூடுவதில்லை?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் பள்ளி மாவட்டங்கள், அதாவது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகள், முன்பைவிட அதிகம் செலவிட்டும் அந்தப் பணம் ஆசிரியரின் கைக்கு ஏன் வந்து சேரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அதில் கணிசமான பங்கு ஆசிரியரின் பெயரிலேயே செலவாகிறது. ஆனால் அவருடைய சம்பளச் சீட்டில் அது தெரிவதில்லை.

ஓர் ஆசிரியரின் ஆண்டுச் சம்பளம் 80,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 2013-14இல் அவருக்காக மாநில ஆசிரியர் ஓய்வூதிய நிதிக்கு மாவட்டம் செலுத்திய பங்கு சம்பளத்தில் 8.25 சதவீதம், அதாவது 6,600 டாலர். அந்த நிதியின் பெரும் பற்றாக்குறையை அடைப்பதற்காக 2014இல் இயற்றப்பட்ட சட்டம் இந்தப் பங்கைப் படிப்படியாக உயர்த்தியதால், 2022-23இல் அது 19.1 சதவீதமாகி, 15,280 டாலரைத் தொட்டது. சம்பளம் அதேதான், மாவட்டத்தின் செலவு மட்டும் 8,680 டாலர் ஏறிவிட்டது. இது ஆசிரியருக்குக் கிடைத்த புதிய சலுகை அன்று, பெரும்பாலும் பழைய பாக்கி.

வருவாயைத் தானே கூட்டிக்கொள்ளவும் மாவட்டத்தால் எளிதில் இயலாது. 1978இல் வாக்காளர்கள் ஏற்ற 13ஆவது முன்மொழிவு, பள்ளிகளின் உள்ளூர் வருவாயான சொத்து வரியைச் சொத்தின் மதிப்பில் 1 சதவீதத்துக்குள் கட்டிப்போட்டது. மாநிலம் தரும் நிதியோ மாணவர் வருகையைப் பொறுத்தது.

2019 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸில் 30,000க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் ஆறு பள்ளி நாட்கள் வேலைநிறுத்தம் செய்து 6 சதவீத உயர்வு பெற்றபோது, வகுப்பில் மாணவர் எண்ணிக்கையைக் குறைப்பதும் பள்ளிதோறும் செவிலியர் இருப்பதும் அவர்கள் வற்புறுத்திய கோரிக்கைகளாக இருந்தன. ஆகவே, உயர்வு கேட்டதற்காக அவர்களைப் பேராசைக்காரர்கள் என்பது அநியாயம்.