பேவர் பிளாக் ஏன் ஆடுகிறது? பூங்கா, நடைபாதைப் பராமரிப்பு: கேள்வி பதில்

சென்னைப் பூங்காக்கள், நடைபாதைகள் பற்றிக் குடியிருப்போர் அனுப்பிய கேள்விகளுக்குப் பூங்காப் பணிகளை மேற்பார்க்கும் சிவில் பொறியாளர் ஒருவர் பதில் சொல்கிறார்.

வேளச்சேரி நடைக்காரர்: மழை விட்டதும் நடைபாதையில் கால் வைத்தால் பேவர் பிளாக் ஆடுகிறது, சேறு பீய்ச்சுகிறது. போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இடுக்கில் சிமென்ட் பால் ஊற்றி இறுக்கிவிடலாமா சார்?

ஊற்றாதீர்கள். கொஞ்ச நாள் ஆடாது, அப்புறம் நாலைந்து கல்லாகச் சேர்ந்து பாளமாகப் பெயரும். ஒட்டிய சிமென்ட்டைச் சுரண்டி அந்தக் கல்லை மறுபடி பதிக்கவும் முடியாது.

சேறு பீய்ச்சினால் கோளாறு கல்லில் இல்லை, அடியில். ஒன்று, ஜல்லி அடித்தளத்தைத் தண்ணீர் தெளித்து இறுக்காமல் மணலைப் பரப்பியிருப்பார்கள். இரண்டு, படுக்கைக்கு மணலுக்குப் பதில் கிரஷர் தூள் போட்டிருப்பார்கள். அது தண்ணீரை வடியவிடாது, கூழாகி இடுக்கு வழியே மேலே வரும். மூன்று, ஓரக்கல் சரிந்திருக்கும். ஓரம் போனால் உள்ளே எவ்வளவு இறுக்கினாலும் கல் பக்கவாட்டில் நகரும்.

சரிசெய்யும் முறை இதுதான். பள்ளம் தெரிகிற இடத்தைத் தாண்டி இரண்டு மூன்று வரிசைக் கல்லையும் சேர்த்து எடுங்கள். பழைய மணலை முழுக்க வாருங்கள். அடித்தளம் இறங்கியிருந்தால் ஜல்லிக் கலவையை 100 மி.மீ. அடுக்காகப் போட்டு, தண்ணீர் தெளித்து, பிளேட் காம்பேக்டர் (அதிர்ந்து இறுக்கும் தட்டு இயந்திரம்) ஓட்டுங்கள். அந்தப் பள்ளத்தை மணலால் நிரப்பி மட்டம் பார்ப்பதுதான் வழக்கமான திருட்டு. படுக்கை மணல் 30 மி.மீ. போதும், சலித்த எம்-சாண்ட், தூள் இல்லாமல். கல்லைப் பக்கத்து மட்டத்தைவிட 5 மி.மீ. மேலே நிற்கும்படி பதித்தால், இறுக்கும்போது சமமாகும். கடைசியில் காய்ந்த நைஸ் மணலை இடுக்குகளில் பெருக்கித் தள்ளி, மறுபடி காம்பேக்டர். பத்து நாள் கழித்து இடுக்கில் இன்னொரு தடவை மணல் போட வேண்டும். அதற்கு யாரும் வருவதில்லை.

வாட்டமும் பாருங்கள். 50-க்கு 1 வேண்டும். 6 அடி அகலப் பாதையில் ஒரு ஓரம் மற்றதைவிட ஒன்றரை அங்குலம் தாழ்ந்திருக்கும். 10 அடி மட்டப்பலகையை வைத்துப் பார்த்தால் அடியில் 10 மி.மீ.க்கு மேல் சந்து தெரியக்கூடாது. ஒரு வருஷம்தானே ஆகிறது, ஒப்பந்தத்தில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (ஒப்பந்ததாரரே தன் செலவில் கோளாறைச் சரிசெய்து தரவேண்டிய காலம்) இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். சங்கக் காசைப் போடுமுன் அதைக் கேளுங்கள்.

பெயர் சொல்லாதவர்: எங்கள் பூங்காக் கழிவறை எப்போதும் பூட்டித்தான் கிடக்கிறது. யாரிடம் சொல்வது?

1913, மாநகராட்சிப் புகார் எண். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு குழந்தைகளின் அம்மா: ஊஞ்சல் கிரீச் கிரீச்சென்று சத்தம் போடுகிறது. சறுக்குமரத்தின் அடியில் வெறும் கட்டாந்தரை. எதைக் கவனிக்க வேண்டும்?

சத்தத்தைவிட முக்கியம் கொக்கி, அம்மா. சங்கிலி தொங்கும் கொக்கியைப் பாருங்கள்: வாய் திறந்திருந்தாலோ, உராய்ந்து பாதிப் பருமனுக்குத் தேய்ந்திருந்தாலோ அன்றைக்கே ஊஞ்சலைக் கழற்றச் சொல்லுங்கள். எண்ணெய் விட்டால் சத்தம் நிற்கும், தேய்மானம் நிற்காது. அடுத்து, கால்கள் மண்ணுக்குள் போகும் இடம். துரு அங்கேதான் தின்னும், பெயின்ட் மூடி மறைத்திருக்கும். சாவியால் தட்டிப் பாருங்கள். தரைக்கு ஒரு அடி ஆழம் மணல், சுற்றிலும் 6 அடி வரை. மணலும் நாளாக நாளாக இறுகிக் கல்லாகிவிடும், வாரம் ஒருமுறை கிளறிவிட வேண்டும். கட்டாந்தரையில் சிமென்ட் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் விரட்டுங்கள்.

சங்கச் செயலர், அண்ணா நகர்: பெருங்கொன்றை வேர் நடைபாதையைத் தூக்கிவிட்டது. பெரியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். வேரை வெட்டிவிட்டு கான்கிரீட் போடலாம் என்று தீர்மானம் போட்டிருக்கிறோம்.

தீர்மானத்தைத் திரும்பப் பெறுங்கள். அடிமர விட்டத்தைப்போல் மூன்று மடங்கு தூரத்துக்குள் வேரில் கை வைக்கக்கூடாது. ஒன்றரை அடி விட்ட மரத்துக்கு நாலரை அடி. மரத்தை நிற்கவைப்பது அந்த வேர்கள்தான். அதற்கு வெளியேயும் ஒரு அங்குலத்துக்கு மேல் தடித்த வேரை விட்டுவிடுங்கள்.

மரநேயர்: சபாஷ். மரத்தைத் தொடுகிறவர்கள் மேல் வழக்குப் போட வேண்டும்.

பழைய குடியிருப்பாளர்: அப்படியா? 2016 டிசம்பர் 12, வர்தா புயல். எங்கள் தெருவில் விழுந்தவற்றில் பெரும்பாலும் இந்தக் கொன்றைதான். மொத்தமாக எடுத்துவிட்டு வேம்பு வைத்தால் என்ன?

இருவருக்கும் பாதிப் பாதி. பெருங்கொன்றை, மயில்கொன்றை எல்லாம் லேசில் முறிகிற மரங்கள், புயல் கரைக்கு ஏற்றவை அல்ல. புதிதாக வைப்பதென்றால் புங்கன், பூவரசு, நாவல், வேம்பு வையுங்கள். நிற்கிற மரத்தை எடுக்க மாவட்டப் பசுமைக் குழு அனுமதி வேண்டும், சங்கத் தீர்மானம் போதாது.

பழைய குடியிருப்பாளர்: மரம் விழுந்து ஆள் செத்தால் அந்தக் குழு வருமா?

மரநேயர்: வேரை வெட்டி, அடியில் சிமென்ட் பூசிக் கொன்றது மனிதன். பழி மரத்துக்கா?

மரநேயர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டும்போது ஒரு பக்க வேர் முழுக்கப் போகும். மரம் அன்று விழாது. வெட்டுவாயில் பூஞ்சை ஏறி அழுகும். சில வருஷம் கழித்து அந்தப் பக்கமிருந்து காற்று அடித்தால் இழுத்துப் பிடிக்க ஒன்றுமிருக்காது. அடிமரம்வரை கான்கிரீட் போட்டாலோ தண்ணீர் இறங்காது, காற்றும் போகாது. வேர் மேலேயே படரும், பாதையைத் தூக்கும். செயலரின் பிரச்சினையே அங்கிருந்து வந்ததுதான். டெல்லி வழக்கொன்றில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட்டை அகற்றச் சொன்னது.

பழையவர் பயமும் நியாயம். அடிமரத்தில் காளான், ஒரு பக்கம் மண் வெடித்து மேலெழும்புவது, புதிதாக வந்த சாய்வு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் படம் எடுத்து எழுத்தில் கொடுங்கள். மழைக்காலத்துக்கு முன்பே கிளைப் பாரத்தைக் குறைக்கலாம். ஒரு பக்கத்தை மட்டும் மொட்டையடிக்கக்கூடாது.

செயலரே, உங்களுக்கு வழி: பாதையை வளைத்துப் போடுங்கள். இடமில்லையா, அந்தப் பத்தடிக்குக் கல்லை எடுத்துவிட்டு, வேருக்கு மேல் தண்ணீர் இறங்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்துச் சிறு ஜல்லி, அதன்மேல் மணல், மறுபடி கல். இருபுறமும் 12-க்கு 1 சரிவு. படி வேண்டாம்; சக்கர நாற்காலி ஏறாது.

பழைய குடியிருப்பாளர்: இன்னும் எனக்குச் சம்மதமில்லை.

சரி. அடுத்தது.

ஆதம்பாக்கம்: விளக்குக் கம்பம் எரியவில்லை. யாரிடம்?

1913. மேலே சொன்னதுதான். கம்பத்தின் அடிப்பெட்டி மூடி இல்லாமல் வயர் தெரிந்தால் மட்டும் விஷயம் வேறு: குழந்தைகளை அண்டவிடாமல் உடனே சொல்லுங்கள், மழையில் ஆளைக் கொல்லும்.

மயிலாப்பூர்: செயற்கை நீரூற்று ஓடுவதில்லை. கொசு.

ஓட்ட முடியாதென்றால் வடித்துக் காயவிடுங்கள். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும், ஆகவே வாரம் ஒருமுறை. ஓரத்தைத் தேய்க்கவும் வேண்டும், டெங்குக் கொசுவின் முட்டை காய்ந்தும் உயிரோடிருக்கும்.

பெரம்பூர்: பேவர் பிளாக் ஆடுகிறது, சிமென்ட் ஊற்றினால்...

முதல் பதில். ஊற்றாதீர்கள்.

தெருநாய்த் தொல்லை பற்றி ஆறு பேர்:

என் துறை இல்லை. மாநகராட்சிக் கால்நடைப் பிரிவைக் கேளுங்கள்.

கொளத்தூர்: சருகைக் குவித்துக் கொளுத்துகிறார்கள். சொன்னால் பாம்பு வரும் என்கிறார்கள்.

குவியலாகக் கிடந்தால் எலி வரும், எலிக்குப் பாம்பு. பாதைக்குத் தள்ளி 3 அடி உயரக் கம்பி வலைக் கூண்டில் போடுங்கள். ஒரு சாண் சருகுக்கு ஒரு கைப்பிடி சாணிக் கரைசல் அல்லது பச்சைப் புல், ஈரம் காயாமல். பதினைந்து நாளுக்கொருமுறை புரட்டினால் மூன்று நான்கு மாதத்தில் உரம். கையில் பிழிந்தால் தண்ணீர் சொட்டக்கூடாது, அதுதான் ஈரத்துக்கு அளவு.

வேளச்சேரி நடைக்காரர்: பொறுப்புக் காலத்தை எப்படித் தெரிந்துகொள்வது?

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு எழுதுங்கள். பணி ஆணை, அளவுப் புத்தக (செய்த வேலையின் அளவுகளைப் பதியும் புத்தகம்) நகல், பொறுப்புக் காலம் முடியும் தேதி, மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். “ஏன் ஆடுகிறது” என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். பிரிவு 2(ஜெ)-படி பணியை நேரில் பார்வையிடவும் பொருளின் மாதிரி எடுக்கவும்கூடக் கேட்கலாம். படுக்கை மணலில் ஒரு கைப்பிடி கேளுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் இல்லை.