பொருத்தனை செய்தது அம்மா, படிக்கப்போவது மகள்

மகளை என்ன படிக்கவைப்பது என்று கேட்டு, சுரண்டைப் பக்கமிருந்து வந்து பார்த்த ஒரு தாய் தகப்பனுக்கு எழுதுகிறேன். இதே குழப்பத்தில் இருக்கிற மற்றவர்களும் படிக்கலாம்.

அக்கா, அண்ணாச்சி, மகள் பக்கத்தில் இருந்ததால் நேரில் பாதிதான் பேசினேன். குறைமாதத்தில் பிறந்த பிள்ளை பிழைத்தால் மிஷனரி டாக்டர் ஆக்குகிறோம் என்று பொருத்தனை செய்தீர்கள், அதாவது கர்த்தருக்கு நேர்ந்துகொண்டீர்கள். நீட் இரண்டு தடவை எழுதியும் எட்டவில்லை. புத்தாண்டு ஆராதனையில் எடுத்த, வேத வசனம் போட்ட வாக்குத்தத்த அட்டையும், கன்வென்ஷன் கூட்டத்துக்கு வந்த ஊழியக்காரர் அவள் தலையில் கைவைத்துச் சொன்னதும் டாக்டர் என்றே காட்டுவதாக நம்புகிறீர்கள். இதற்குள் சித்தப்பா வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். ஏஜென்டைக் கூட்டி வந்துவிட்டார். கர்த்தர் வாசலைத் திறப்பார், கவலைப்படாதீங்க என்று சொல்லி அனுப்புவது எனக்குச் சுலபம். சொல்ல மாட்டேன்.

வேதாகமத்தில் சாமுவேலின் தாய் அன்னாளும் பொருத்தனை செய்தவள்தான். பிள்ளையைக் கர்த்தருக்குக் கொடுப்பேன் என்றாள். என்ன வேலைக்கு என்று அவள் எழுதிக் கொடுக்கவில்லை. ராத்திரியில் வந்த சத்தம் சாமுவேலைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டது. தன் இடத்தில் படுத்திருந்த ஆசாரியன் ஏலிக்கே அது கேட்கவில்லை. பெரியவர் செய்த நல்ல காரியம், மறுபடி கூப்பிட்டால் பதில் சொல் என்று பையனைத் திரும்பப் போகச் சொன்னதுதான். நீங்கள் இருவரும் இப்போது நிற்கவேண்டிய இடம் அது.

கன்வென்ஷன் ஊழியக்காரர் உங்கள் மகளோடு ஐந்து நிமிஷமாவது பேசினாரா? அவளோடு சேர்ந்து ஞாயிறு பள்ளி நடத்தும் டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்டால், வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு வந்த காது கேளாத சிறுவனுக்காக அவள் சைகை கற்றுக்கொண்ட கதையைச் சொல்வார்கள். நீட் பேச்சை எடுத்தால் தரையைப் பார்க்கிற பிள்ளை, அவனைப் பற்றிச் சொல்லும்போது நிறுத்தவே இல்லை.

டோனாவூர் உங்களுக்குத் தெரியும். அங்கே பிள்ளைகள் இல்லத்தைத் தொடங்கிய ஏமி கார்மைக்கேல் 1893-ல் ஜப்பானுக்குத்தான் மிஷனரியாகப் போனார். உடம்பு ஒத்துழைக்காமல் திரும்பினார். 1895-ல் இந்தியாவுக்கு வந்து, நம் திருநெல்வேலிச் சீமையில் ஊர் ஊராகச் சுவிசேஷம் சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளைகளை வளர்ப்பது அவர் திட்டத்திலேயே இல்லை. 1901-ல் ஒரு சிறுமி தப்பி ஓடிவந்து அவரிடம் நின்றாள். அப்புறம் நடந்ததுதான் டோனாவூர் இல்லம். உங்கள் வீட்டிலும் ஒரு சிறுவன் வழியாக ஏதோ தொடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம்.

நர்சிங், பி.எட்., இன்ஜினியரிங் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பி.ஏ.எஸ்.எல்.பி. என்று ஒரு படிப்பு இருக்கிறது: காது கேட்பதைச் சோதித்துச் சரிசெய்கிற ஆடியாலஜியும், பேச்சுப் பயிற்சி தருகிற ஸ்பீச் தெரபியும் சேர்ந்தது. பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு வேண்டும். மூன்று வருஷம் பாடம், ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப். காதின் அமைப்பு, ஒலியின் இயற்பியல், மொழியியல், உளவியல் எல்லாம் வரும். இடையிலேயே கிளினிக்கிலும் உட்காரவைப்பார்கள். வேலை எப்படி இருக்கும் என்றால், தூங்குகிற பச்சைக் குழந்தையின் காதில் சின்னக் கருவியை வைத்துக் கேட்கும் திறனைச் சோதிப்பது. சந்தேகம் இருந்தால் தலையில் ஒயர் ஒட்டி, சத்தம் நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்க்கிற பெரா பரிசோதனை. காது அச்சு எடுத்து, கேட்க உதவும் மெஷின் பொருத்துவது. ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்கவேண்டும் என்பது இந்தத் துறையின் கணக்கு. உள்காதில் வைக்கிற காக்ளியர் இம்பிளாண்ட் கருவியைப் பொருத்துவது சர்ஜன்தான். ஆனால் அதை இயக்கி, அளவு சரிசெய்து, சத்தம் என்றால் என்ன என்று பிள்ளைக்கு மாதக்கணக்கில் பழக்குவது இவர்கள். அது நடக்காவிட்டால் ஆபரேஷன் வீண்.

பக்கவாதம் வந்து பேச்சு போன தாத்தா, விழுங்க முடியாத பாட்டி, திக்குகிற பையன் எல்லோரும் இவர்களிடம்தான் வரவேண்டும். தொண்டை கிழியப் பிரசங்கிக்கிறவர்களும் வரலாம். நம் ஊரில் வேலைக்குப் பஞ்சமா என்ன? சொந்தத்துக்குள் கல்யாணம் கட்டுகிற வழக்கமும் நம்மிடம் உண்டு, அதில் பரம்பரைக் காது கேளாமை கூடும்.

மைசூரில் 1965-ல் தொடங்கிய மத்திய அரசின் பேச்சு, கேட்பு நிறுவனம், வேலூர் சி.எம்.சி., சென்னை ராமச்சந்திரா ஆகிய இடங்களில் இந்தப் படிப்பு இருக்கிறது. சேர்க்கை முறையை அந்தந்த வருஷ அறிவிப்பில் பாருங்கள். இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் இல்லாத கல்லூரியில் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். அந்தக் கவுன்சிலில் பதிவு இல்லாமல் தொழில் செய்ய முடியாது. ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது. அரசு வேலைகள் குறைவு, இருப்பதிலும் ஒப்பந்த வேலைகள் உண்டு. இதையெல்லாம் அவளிடம் மறைக்கவேண்டாம்.

சரி, பணம். தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் சீட் என்றால் வருஷத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல். வெளிநாட்டில் படித்தால் திரும்பி வந்து தகுதித் தேர்வு எழுதவேண்டும். எழுதுகிறவர்களில் பாதிப்பேர்கூடத் தேறாத தேர்வு அது. பிறகு இங்கேயும் இன்டர்ன்ஷிப் உண்டு. கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்று லூக்கா 14-ல் சொன்னவர் இயேசுதான். வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துத்தான் மிஷனரி ஆகவேண்டுமென்றால், கடன் அடையும்வரை அவள் எந்த மிஷனுக்குப் போவாள்? அந்தப் பத்திரத்தில் அண்ணாச்சி கையெழுத்துப் போடக்கூடாது. இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது.

ஜெபியுங்கள், உபவாசமும் இருங்கள். கூடவே, பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் இருக்கிற அரசுப் பெரியாஸ்பத்திரியின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் அனுமதி கேட்டு, தெரபி நடக்கிற இடத்தில் அவள் சில நாள் உட்கார்ந்து பார்க்கட்டும். பாளையங்கோட்டையில் 19-ம் நூற்றாண்டின் கடைசியிலேயே தொடங்கிய பிளாரன்ஸ் சுவைன்சன் காதுகேளாதோர் பள்ளிக்கும் ஒரு நடை போய்வரட்டும். அவளுக்கு அது பிடிக்காமலும் போகலாம்; அப்படியென்றால் வேறு யோசிப்போம். சித்தப்பாவை மட்டும் கொஞ்சநாள் தள்ளி இருக்கச் சொல்லுங்கள்.

அடுத்த தடவை அவள் தனியாக வரட்டும். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் மூன்றுக்கும் நகல் எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.